அடி டிராயரில் ஒரு மலை

ஒரு பக்கம் எழுதாத தாள் கண்ணில் பட்டால் போதும், அக்காவுக்குக் கை பரபரக்கும். இரும்பு ஸ்கேலை வைத்து நான்காகக் கிழித்து கிளிப்பில் மாட்டிவிடுவார். அவருடைய துண்டுச்சீட்டு அத்தனையும் இப்படிச் சேர்ந்ததுதான். மேலதிகாரியின் சுற்றறிக்கை முதுகில் ‘குடை ரிப்பேர்’ என்று எழுதியிருக்கும்.

கடல் வரைபட அலுவலகத்தில் அக்காவின் வேலை, கடலுக்கடியில் கிடக்கும் மலைக்கும் பள்ளத்துக்கும் பெயர் கேட்டு விண்ணப்பம் தயாரிப்பது. உலகத்துக்கே பொதுவாக ஒரு பெயர்க் குழு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை கூடும். எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், எந்தக் கப்பல் எந்தக் கோட்டில் போய் அளந்தது, ஏன் இந்தப் பெயர், எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் தலையாட்டுவார்கள். அடியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்பினால் மலை, இல்லாவிட்டால் குன்றுதான். அக்காவிடம் பேரம் நடக்காது. மனைவி பெயரை வைத்தே தீர வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வந்து நின்றார். “உயிரோட இருக்கறவங்க பேரை ஏத்துக்க மாட்டாங்க சார். வீட்டம்மா நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். ஒரு படகு வாங்கி அதுக்கு வைங்க,” என்று அனுப்பிவைத்தார்.

இப்படி ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவரின் அடி டிராயரில் ஏழு வருஷமாக ஒரு விண்ணப்பம் கிடந்தது. ஒற்றைத் தாள். எல்லாக் கட்டமும் பூர்த்தி, தேதி மட்டும் இல்லை.

அது அண்ணனின் மலை. கூடப் பிறந்த அண்ணன் இல்லை. ஆய்வுக் கப்பலில் ஆழமானி பார்த்தவர். ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் கருவி. வெறும் சமவெளி என்று வரைபடத்தில் போட்டிருந்த இடத்தில், ஒரு மதியம் அந்தக் கருவியின் பேனா தாள் சுருளில் விறுவிறுவென்று மேலே ஏறியது. “மெஷின் உளறுது, விடுய்யா,” என்றார் கப்பல் தலைவர். “மெஷின் உளறாது சார், நாமதான் உளறுவோம்,” என்று மல்லுக்கு நின்று, கப்பலைத் திருப்பவைத்து, மூன்று தடவை குறுக்கே ஓட்டிப் பார்த்தார் அண்ணன். ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர் உயரம்! அந்தத் தாள் சுருளைக் கொண்டுவந்து, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அக்காவிடம் கொடுத்தார். “தங்கச்சி, இங்க ஒரு மலை வரை.” அக்கா வரைந்த முதல் மலை அது.

ஓய்வு பெற்ற அன்று கூச்சத்தோடு கேட்டார்: “அதுக்கு என் பேரை வைப்பாங்களாம்மா?” முடியாது என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. பாவம் மனுஷன், முப்பது வருஷத்தில் கேட்டதே இது ஒன்றுதான். “பாக்கலாம்ணே,” என்றார். அன்றைக்கே எழுதியும் வைத்தார், அவர் காலத்துக்குப் பிறகு அனுப்புவதற்காக. அதிலிருந்து வருஷா வருஷம் கடைசித் தேதி நெருங்கும்போது ஒரு ஃபோன். “என்னம்மா, என் மலை என்ன ஆச்சு?” என்று அந்தப் பக்கம் குரல் கேட்டதும் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். “வரிசையில இருக்குண்ணே,” என்று சொல்லிவிட்டு டிராயரைக் காலால் தள்ளி மூடுவார்.

இந்த வருஷம் மூட முடியவில்லை. வேறு நாட்டுக் கப்பல் ஒன்று அதே மலையை அளந்துவிட்டது. அவர்களும் பெயர் கொடுக்கப்போகிறார்கள். “நாளைக்குள்ள நாம அனுப்பலைன்னா கையை விட்டுப் போயிடும்,” என்றார் மேலதிகாரி.

அக்கா ஃபோன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். கண் தானாக அடி டிராயர் பக்கம் போனது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டார். மூன்றாவது முறை அண்ணனே எடுத்தார்.

“செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேம்மா. மலை என்ன ஆச்சு?”

அவ்வளவுதான், ஏழு வருஷப் பொய்யையும் அக்கா கொட்டித் தீர்த்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமல்.

“அப்போ நான் எப்போ போவேன்னு ஏழு வருஷமா காத்துட்டிருந்தியா?”

“இல்லண்ணே! அதை அனுப்பற நாள் வரவே கூடாதுன்னு வேண்டிட்டிருந்தேன்.”

“நாளைக்குத்தானே கடைசி? இன்னிக்கு வேணா முயற்சி பண்ணிப் பாக்கறேன்.”

“வாயைக் கழுவுங்க முதல்ல!” அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பிறகு அவரே வழி சொன்னார்: “நம்ம கப்பல் பேரை வை. அதைத்தான் உடைச்சு இரும்புக்குப் போட்டாச்சே. சமையல்காரர்ல இருந்து எல்லாரும் அதுலதானே கிடந்தோம்.” கூடவே சொன்னார்: “எனக்கு ஆசை இருந்துச்சும்மா, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

“கண்டுபிடிச்சவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்குண்ணே. அதுல உங்க பேரு இருக்கும். அதுக்கு யாரும் சாக வேண்டியதில்ல.”

“அப்படியா! எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.”

மறுநாள் மதியத்துக்குள் புது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அக்கா அடி டிராயரைத் திறந்து பழையதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இரும்பு ஸ்கேலை வைத்து நான்காகக் கிழித்தார். கிளிப்பில் மாட்டுவதற்கு முன், வாரத்துக்கு ஒன்றாக நாலு துண்டிலும் ஒன்றையே எழுதினார்: ‘செவ்வாய்க்கிழமை, அண்ணனுக்கு ஃபோன்.’