சுகுணா கேட்ட ஒரு வாய்த் தண்ணீர்

பெங்களூர் அல்சூரிலிருந்து சுகுணாவின் மகன் புதன்கிழமை காலை போன் செய்தான். “ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க.” எனக்கு அழுகை வரவில்லை. என் மேலேயே ஆத்திரம்தான் வந்தது. பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் ஒரே நாளில் அங்கே சேர்ந்தோம். ஒருநாள் கலக்கிய கையோடு பெயின்ட்டின் கெட்டித்தன்மையை அளந்துவிட்டு, நீர்த்துப்போயிருக்கிறது என்று ஒரு தொட்டிப் பெயின்ட்டையே தேறாது என்று ஒதுக்கிவிட்டேன். சுகுணா சிரித்தாள். “இப்பதானேடி கலக்கின? கொஞ்ச நேரம் சும்மா விட்டுப் பாரு.” அரைமணி கழித்து அதே பெயின்ட் கெட்டியாக நின்றது. உள்ளே இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், கலக்கினால் பிடி விடும், விட்டுவைத்தால் மறுபடி பிடிக்கும். “பிரஷ்ல ஓடணும், செவுத்துல நிக்கணும்” என்பாள். மேலதிகாரி வந்து கன்னடத்தில் “ஏனாயித்து?”, என்ன ஆச்சு, என்று கேட்டபோது, “ஏனில்லா சார், ஒண்ணுமில்ல, மேடம் அவசரப்பட்டுட்டாங்க” என்று போட்டுக்கொடுத்தாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

போன மாதம் பக்கவாதம் வந்ததில் அவளுக்கு விழுங்குவது சிரமமாகிவிட்டது. மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தண்ணீர் ஓடி நுரையீரலுக்குப் போய்விடும், கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மகன் காய்ச்சினால் கஞ்சி கட்டி தட்டியது. அதனால் தினமும் நானே போய் அரிசிமாவுக் கஞ்சி காய்ச்சினேன். ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். “ஸ்பூன்ல நிக்குது, வாய்ல ஓடுது. டெஸ்ட்ல பாஸ்” என்று ஒருநாள் குழறினாள். இருவரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வாய் தண்ணி குடுடி.”

“வேணாம்டி. அது எங்க போகும்னு உனக்கே தெரியும்ல?”

“தெரியும். குடு.”

நான் கஞ்சியைத்தான் நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. வற்புறுத்தினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று கிளம்பி வந்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் நான் போனபோது அவள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“நீங்க செஞ்சதுதான் கரெக்ட்னு டாக்டரே சொன்னார் ஆன்ட்டி” என்று அவள் மகன் என்னைத் தேற்றுகிறான். கொடுத்திருந்தால் இரண்டு நாள் முன்னால் போயிருப்பாள், அவ்வளவுதானே? அவளை நாக்கு வறண்டு போக விட்டேன்.

கூட வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவள் சொன்னது எவ்வளவோ. எனக்கென்று மிஞ்சியிருப்பது “தெரியும். குடு.” என்ற அந்த இரண்டு சொற்கள்தான். தெரிந்துதான் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.