கல்லறைத் தோட்டம் பக்கம் திருப்பிய ஆண்டெனா

இன்று ஆரம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் வைஃபை ஆண்டெனா மாட்டினேன். பிழைப்பே இதுதான். ஆனால் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தது இதுதான் முதல் தடவை.

அந்த வீட்டுக்காரருக்கு மாலையில் அடக்கம். ஒரே மகன் குவைத்தில் வெல்டர், லீவு கிடைக்கவில்லை. கல்லறைப் பக்கம் செல்போன் சிக்னல் எடுக்காது. வீட்டு நெட்டை அதுவரை இழுத்துவிட்டால் வீடியோ காலிலாவது பார்ப்பான்.

மதியம் ஆளில்லாத குழியருகே நின்று அவனுக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லா தெரியுதுண்ணே" என்றான்.

மாலையில் அவன் அம்மாவின் போனை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியை மூடப் போகும் நேரம், வீடியோ உறைந்துவிட்டது. என் போனை எடுத்து ரூட்டரைப் பார்த்தேன். வீட்டு வைஃபையில் முப்பத்தெட்டு போன்கள்.

"இன்னாம்மா, பாஸ்வேர்டு ஊருக்கே தெரியுமா?"

"அவுருதான் நைனா, கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்துக்கினே இருப்பாரு. குடுத்தா இன்னா தேஞ்சா போயிடும்னுவாரு."

அடக்கத்துக்கு வந்த சனமெல்லாம் அவர் கொடுத்த நெட்டில்தான் நின்றிருக்கிறது. மதியமே பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் குவைத்திலிருந்து அந்த மகன் கூப்பிட்டான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"அப்பா மூஞ்சியிலயே நின்னுபோச்சுண்ணே. மண்ணு போட்டத நான் பாக்கல. எப்படி போட்டாங்கன்னு சொல்லவும் சொல்லாதீங்க."

யாரைக் குறை சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அந்த முப்பத்தெட்டில் ஒன்று என்னுடைய போன்.