இரண்டாவது பொத்தான்

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்குச் செய்தி வந்தபோது நேசமலரின் வாயில் ஐந்து குண்டூசிகள் இருந்தன. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"அம்மா, எங்களை எடுத்திட்டினம்! மேடைக்கு! பன்னிரண்டு சோடியில நாங்களும் ஒண்டு!" மகன் அபிஷன் கத்தினான்.

"ம்" என்றார் நேசமலர்.

வாயில் ஊசி இருக்கும்போது அவர் பேச்செல்லாம் இந்த ஓரெழுத்துதான். குட்டையாக ஒன்று என்றால் சரி. இரண்டு என்றால் ஏலாது. நீட்டி இழுத்தால், வீட்டுக்கு வா, பார்த்துக்கொள்கிறேன். பத்தொன்பது வயது அபிஷன் தமிழோடு சேர்த்து இதையும் பழகியவன். அன்றைய "ம்" மட்டும் அவனுக்குப் புதிது. மேலே ஏறிப்போய் முடிந்தது.

"சந்தோசம் எண்டுதானே சொல்லுறீங்கள்?"

"ம்."

ஜெர்மனியில், ஹம் நகர ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில் மூன்றாம் மாடியில் அவர் வீடு. விடியற்காலை நான்கு மணி முதல் நண்பகல்வரை பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. பிறகு தையல். சேலைச் சட்டைக்கு அளவெடுத்தால் எழுதிவைக்க மாட்டார். ஆளைப் பார்த்தால் போதும், போன வருடத்து அளவிலிருந்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் பலர். கணவர் விஜயரத்தினம் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலியில் அன்றிலிருந்து துணிக்கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஆடும் பொத்தானைக் கண்டால் நேசமலருக்குப் பொறுக்காது. ஒருமுறை ரயிலில் எதிரே இருந்த ஜெர்மன்காரரின் கோட்டில் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. டோர்ட்முண்ட் வருவதற்குள் அவரைக் கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் நன்றி சொல்வதா பயப்படுவதா என்று தெரியாமல் இறங்கிப் போனார்.

ஜப்பானியப் பள்ளிச் சீருடை அவரிடம் வந்தது அபிஷனால். அவனுக்கும் வகுப்புத் தோழன் யோனாசுக்கும் ஒரு ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரில் பைத்தியம். கதை இரண்டு பள்ளிப் பையன்களைப் பற்றியது. ஒருவன் சட்டத்தைப் பிடித்துத் தொங்கும் வகுப்புத் தலைவன். மற்றவன் தினமும் பிந்தி வருபவன். ஒருவன்மேல் ஒருவனுக்குக் காதல். வகுப்பு முழுவதற்கும் அது தெரியும், அந்த இருவரைத் தவிர. ஆண்டுதோறும் காசல் நகரில் இத்தகைய கதைகளின் ரசிகர்கள் வேடமணிந்து கூடுகிறார்கள். அங்கே நடக்கும் சோடி நடிப்புப் போட்டியில் மேடையேறத்தான் இருவரும் எழுதிப் போட்டிருந்தார்கள். அபிஷன் வகுப்புத் தலைவன். யோனாஸ் பிந்தி வருபவன். அதற்கு அவன் நடிக்கவேண்டியதில்லை.

நிமிர்ந்த கழுத்துப் பட்டியின் வெட்டைப் பார்க்கத்தான் நேசமலர் முதல் புத்தகத்தைத் திறந்தார். பிறகு பாண் தொழிற்சாலையின் தேநீர் இடைவேளையில் மூன்றாவதைத் திறந்தார். ஐந்தாவதை முடித்தபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அஞ்சு புத்தகமாய் ஒரு குடைக்குள்ள நிக்கினம், அபிஷன். மழையும் விடேல்லை, இவங்கள் வாயும் திறக்கேல்லை. ஒருத்தன் சொன்னால் என்ன, வாயில புண்ணோ?"

அபிஷன் சிரிக்கவில்லை. "சொல்லுறது லேசில்லை அம்மா" என்றான். யோனாசின் காது மடல் சிவந்தது. அவனுக்கு அவ்வளவு தமிழ் புரியாது; ஆனால் அபிஷனின் முகத்தைப் படிக்கத் தெரியும். நேசமலர் அளவு நாடாவை யோனாசின் மார்பைச் சுற்றிப் போட்டார். வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும் எதையோ நாடா வழியாக உணர்ந்தார். அதை அளவில் சேர்க்கவில்லை.

அடுத்த நாள், வழக்கமாக அவரிடம் தைக்கக் கொடுக்கும் கிரிஜா அக்கா சேலைச் சட்டை போட்டுப் பார்க்க வந்தார். கதவில் தொங்கிய இரண்டு கறுப்புக் கோட்டுகளைத் தடவினார்.

"இதென்ன நேசம், பாண்ட் வாத்தியக்காரருக்கோ?"

"இல்லை அக்கா, நாடகம் மாதிரி. ரெண்டு பெடியள் விரும்புற கதை."

"பெட்டையளை?"

"ஆளையாள்."

கிரிஜா கோட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு, பக்கத்து அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும், குரலைத் தாழ்த்தினார். "கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். எங்கட அபிஷனும்... அப்பிடியோ?"

நேசமலர் குண்டூசிகளை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி அவருக்குள்ளும் நெடுநாளாக இருந்தது. மகன் தன்னிடம் சொல்லவேண்டும் என்று ஆசை. சொல்லிவிட்டால் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சனத்தின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்ற அச்சம். இரண்டும் ஒரே துணியின் உள்ளும் புறமுமாக அவரிடம் இருந்தன.

போட்டிச் சனிக்கிழமை காலை, கோட்டுகளைக் கடைசியாகச் சரிபார்த்தார். அபிஷனுடைய கோட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் ஒரே நூலில் ஆடியது. தன் கையால் தைத்தது! நூலை மெழுகில் இழுத்து, இரட்டையாக்கி, அடியில் எட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார். இனி மாட்டைக் கட்டி இழுத்தாலும் வராது. அபிஷன் குளியலறையில் தலை வாரிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

காசலில் மண்டபம் நிறைந்திருந்தது. நேசமலர் தையல் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார். அருகில் இளஞ்சிவப்புப் பொய்முடி வைத்த ஒரு ஜெர்மன் பெண்.

மேடையில் பள்ளியின் கடைசி நாள். பிந்தி வருபவன் அன்றைக்கும் பிந்தி ஓடிவந்தான். மண்டபம் சிரித்தது. வகுப்புத் தலைவன் எதையோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மார்பில் கைவைத்து இரண்டாவது பொத்தானைப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். கோட்டுத்தான் முன்னே வந்தது. மூன்றாம் முறை இரண்டு கையாலும் இழுத்தான். மண்டபம் ஓவென்று சிரித்தது.

"ஏன் அதைப் பிய்க்கிறான்?" என்று நேசமலர் பதறிப்போய் ஜெர்மனில் கேட்டார்.

அந்தப் பெண் வியந்து பார்த்தாள். "ஆறாவது புத்தகம் படிக்கவில்லையா? இரண்டாவது பொத்தான்தான் இதயத்துக்கு அருகில் இருப்பது. பள்ளியை விட்டுப் போகிற நாளில், விரும்புகிறவருக்கு அதைக் கழற்றிக் கொடுப்பார்கள். அங்கே அப்படி ஒரு வழக்கம்."

நேசமலர் மேடையைப் பார்த்தார். அபிஷனின் முகத்தில் நடிப்பு இல்லை. நாடகம் என்ற போர்வைக்குள் அவன் உண்மையாகவே ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறான். அதற்காகத்தான் அந்த நூலை அறுத்து வைத்திருந்தான். அதை எட்டுச் சுற்றில் கட்டிப்போட்டவர் பெற்ற தாய்.

சிறு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் நின்ற ஒருங்கிணைப்பாளர் கையை நீட்டித் தடுத்தார். "நான் தையல்காரி" என்று ஜெர்மனில் சொல்லி, அந்தக் கைக்கு அடியால் குனிந்து ஏறினார்.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"அசையாதை. மெழுகு நூல்." கத்தரியின் முனையை அடியில் விட்டு ஒரே வெட்டு. பொத்தான் அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை மகனின் கையில் வைத்தார். "இந்தா. நீயே குடு."

அபிஷன் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தான். பிறகு திரும்பி யோனாசிடம் நீட்டினான். பேசவேண்டிய வசனம் இருவருக்குமே மறந்துபோனது. யோனாஸ் பொத்தானை வாங்கவில்லை. பொத்தானோடு சேர்த்துக் கையையே பிடித்துக்கொண்டான். மண்டபம் எழுந்து நின்றது. பொய்முடிப் பெண் அழுதுகொண்டே விசிலடித்தாள். நடுவில் கத்தரிக்கோலோடு நின்ற நேசமலர், என்ன செய்வதென்று தெரியாமல், சபைக்குக் கை கூப்பினார்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். நடுவர்களில் ஒருவர் கோட்டைப் புரட்டிப் பார்த்து, இந்த முடிச்சை யார் போட்டது என்று விசாரித்தார். திரும்பும் ரயிலில் இரு பையன்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். நேசமலர் ஆறாவது புத்தகத்தைப் படித்துக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை கிரிஜா அக்கா வந்தார். கண்ணாடி முன் கையைத் தூக்கி நின்றார்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் கேட்டது" என்றார் நேசமலர். "ஓம். அபிஷனும் யோனாசும் ஆளையாள் விரும்புகினம். கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்கோ."

கிரிஜா கையைத் தூக்கினார். கண்ணாடியில் தன்னையும் நேசமலரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பெடியன் உறைப்புத் தின்னுவானோ?"

"தின்னுறான் அக்கா. கண்ணால தண்ணி ஓட ஓடத் தின்னுறான். போதும் எண்டு சொல்லத் தெரியாது."

"பாவம். மோர் குடுக்கிறேல்லையோ?" என்றார் கிரிஜா. முதலில் சிரித்தது அவர்தான். நேசமலருக்கும் தொற்றியது. சிரித்துச் சிரித்து இருவரும் துணிக்கட்டுகளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். விஜயரத்தினத்தின் நாற்காலியில் கிரிஜா. தேநீர் வந்தது, யோனாசின் தாய் தகப்பன் பற்றிய விசாரணை வந்தது, கடைசிப் பேருந்துக்கு நேரமும் வந்தது.

கிரிஜாவின் சட்டைக்கு இடது கை விளிம்பு இன்னும் மடித்துத் தைக்கவில்லை.