தாலாட்டுப் பாடித் தோட்டத்தையே எழுப்பிய ஆயாம்மா

தலைமுடியில் ஒட்டிக்கிடக்கும் தேயிலைத் தூளின் வாசனை... தகரத்து ஓட்டை வழியாக நேரே முகத்தில் விழும் வெயில்... இமை இரண்டும் அப்போதுதான் மெல்ல ஒட்டும்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஆரம்பிக்கும் அந்தச் சத்தம்.

முதல் நாள், யாரையோ குளவி கொட்டிவிட்டது என்று நினைத்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். எதிரே புள்ளக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த ஒற்றை அறையில், ஆயாம்மா நின்றுகொண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். அது தாலாட்டாம்!

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. ஹல்துமுல்லையிலிருந்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு வந்து, ஸ்டோரில் நைட் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஆட்கள் தேயிலை பேக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தூள் காயும் மெஷின் பக்கத்தில் விடியும்வரை விழித்திருக்க வேண்டும். அதற்குப் பகலில் தூங்க வேண்டும். அந்தப் பகலைத்தான் ஆயாம்மா குத்தகைக்கு எடுத்திருந்தார்.

ஆயாம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். தங்கமான மனுஷி. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே... சுருதி ஒரு மலையில், தாளம் இன்னொரு மலையில். கடைசி எழுத்தைப் பிடித்தார் என்றால் மூச்சு முடியும்வரை விடமாட்டார். டர்பன்டைன் மரத்துக் காக்கைகள் பறந்துவிடும். நாய்கள் கூடவே பாடும்.

பாட்டின் வரிகள் அதைவிட மோசம்.

"கவிதா குடிச்சிட்டா பாலூஊஊ... சுரேசு நனைச்சிட்டான் சேலே...ஏஏ... நிசாந்தன் இன்னும் தூங்கலையேஏஏ..."

யார் குடித்தது, யார் நனைத்தது என்பதெல்லாம் எனக்கு எதற்கு? காதில் பஞ்சு வைத்தேன். தலையணையைத் தலைக்கு மேல் போட்டேன். புரண்டு புரண்டு பாய்தான் கிழிந்தது. விளைவு, மெஷின் பக்கத்திலேயே இரண்டு முறை தூங்கி விழுந்தேன். இரண்டாவது முறை தூள் கருகிவிட்டது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவ பார்த்தேன்னா, மம்பட்டியக் குடுத்து மலைக்கு அனுப்பிருவேன். அப்புறம் ஸ்டோர்ப் பக்கமே வரக் கூடாது."

ஸ்டோர் வேலைக்காக நான் எத்தனை பேர் பின்னால் அலைந்தவன் என்பது எனக்குத்தான் தெரியும். காலையில் நேரே ஆயாம்மாவிடம் போனேன்.

"அக்கா, ஒரு நாளைக்கு மட்டும் பாடாம இருக்க முடியுமா? தூங்கலேன்னா என் வேலை போயிரும்."

என் கண்ணைப் பார்த்தார். அது மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

"ஐயோ, இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? நீ போய்ப் படு. நான் வாயத் தொறக்கல."

சொன்ன சொல் தவறவில்லை. நான் படுத்ததுதான் தெரியும்.

எவ்வளவு நேரம் போனதோ... தடதடவென்று காலடிச் சத்தம். வரிசை வீடுகளான எங்கள் லயமே அதிர்ந்தது. எழுந்து வாசலுக்கு வந்தால், மலையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கூடையும் தலைக்கயிறுமாக இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் என் அண்ணி. ஒரு காலில் செருப்பு இல்லை. பின்னால் கங்காணி கத்திக்கொண்டே வந்தார்.

"ஆயாம்மா, எம் புள்ளைக்கு என்னாச்சு?" பெண்கள் ஆளாளுக்கு அலறினார்கள்.

ஆயாம்மா காம்பரா வாசலை மறித்து நின்றார்.

"மெதுவாப் பேசுங்கடி. அந்தத் தம்பி தூங்குது."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் பஞ்சோடு நான்.

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"போன வருசம் லெச்சுமி புள்ளைக்கு வலிப்பு வந்தப்பதான் பாட்டு நின்னுச்சு. அதுலருந்து எங்க கைதான் கொழுந்துல இருக்கும், காது இங்கதான் இருக்கும். பாட்டுல பேரு வந்துச்சுன்னா புள்ள நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. தெரிந்தபோது நிற்க இடமில்லாமல் போனது எனக்கு.

இத்தனை கூச்சலில் பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஒரே நேரத்தில் வீறிட்டன. கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாடும்மா தாயே, பாடு. நீ பாடுனாத்தான் எனக்குக் கொழுந்து வரும்."

அடுத்த நாளிலிருந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தோட்டத்தின் மேல் டிவிஷனில் அண்ணியின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். வேலை தப்பியது. ஆனால் குரல் அங்கேயும் லேசாகக் கேட்கும்... நடுவில் அது கொஞ்சம் நின்றால் எனக்கும் விழிப்பு வந்துவிடும். நமக்கு ஏன் இந்த வேலை என்று புரண்டு படுப்பேன்.

இப்போது பதுளை டவுனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். மனைவி ஆபீஸ் போகிறாள். இரண்டு வயது மகள், இரண்டு தெரு தள்ளி டே கேரில். வண்ணச் சுவர், மெத்தை, பூப்போலப் பேசும் டீச்சர். பகல் சாப்பாடு முடிந்ததும் மகள் தூங்கும் போட்டோ ஒன்று போனுக்கு வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன்.

போன கிழமை ஒரு நாள் அந்தப் போட்டோ வரவில்லை.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். டீச்சருக்குக் கோல் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. கடைக்கு வந்தவருக்கு மிச்சக் காசைத் தப்பாகக் கொடுத்தேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடினேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.  தெருவே திரும்பிப் பார்க்க மகள் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

டீச்சர் ஓடி வந்தார்.

"சார், சத்தம் போடாதீங்க. டேட்டா முடிஞ்சிருச்சு, அதான் போட்டோ அனுப்பல. எல்லாரும் இப்பதான் தூங்குனாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஒரு பிள்ளை அழுதது. அடுத்தது இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து. டீச்சர் என்னை முறைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். அத்தனை அழுகைக்கும் நடுவில் என் மகளின் அழுகை தனியாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.