ஹோம்லி என்ற சொல்

எழுபத்து நான்கில் எனக்கு இருபத்தாறு வயது. அடையாறில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை விளம்பரங்களை அப்பா பேனாவால் கட்டம் கட்டுவார். எல்லாவற்றிலும் ஒரே சொல்தான்: ஹோம்லி. டாக்டருக்கும் ஹோம்லி, பாங்க் குமாஸ்தாவுக்கும் ஹோம்லி. அப்பாவும் பதிலில் ‘என் மகள் மிகவும் ஹோம்லி’ என்று எழுதுவார். நான்தான் அதை டைப் அடிக்க வேண்டும்.

அப்படி ஒரு கடிதத்தை நம்பி, தி.நகரிலிருந்து ஒரு குடும்பம் மயிலாப்பூரில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தது. பையன் அமெரிக்காவில் இன்ஜினியர். மே மாத வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வியர்த்துக் கொட்டியும் கழற்ற மனம் வரவில்லை.

அவன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேலையை விட்டுடுவா இல்லையா? எங்களுக்கு ஹோம்லியா ஒரு பொண்ணு வேணும்."

"ஹோம்லின்னா என்ன மாமி?" என்றேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆத்தோட இருக்கணும், எதிர்த்துப் பேசப்படாது. வேற என்ன?"

பையன் சிரித்தான். "அம்மா, அமெரிக்கால அர்த்தமே வேற. மூஞ்சி சுமாரா இருக்கறவளைத்தான் ஹோம்லிம்பா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தான்.

என் முகம் சுமார்தான். அதை எங்கள் வீட்டுப் பஜ்ஜியை மென்றுகொண்டு இவன் சொன்னதுதான் தாங்கவில்லை.

"அவர் சொல்றது சரிதான் மாமி," என்றேன். "வீடுங்கற வார்த்தைலேருந்து வந்தது. முதல்ல வீட்டுக்கு உரியதுன்னு அர்த்தம், அப்புறம் எளிமையானதுன்னு ஆச்சு. எளிமையைக் கண்டா இளக்காரம் பண்றவா வாயில விழுந்து, அழகில்லாததுன்னு ஆயிடுத்து. இங்கிலாந்துல இன்னிக்கும் நல்ல வார்த்தைதான். நம்மூர்லதான் சம்பளம் கேக்காத சமையல்காரின்னு அர்த்தம்."

அந்த அம்மாள் காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி." எழுந்தாள். அவள் எழுந்த பிறகுதான் அவனும் எழுந்தான். கடல் தாண்டிப் படித்தவனுக்குத் தானாக எழுந்து நிற்கத் தெரியவில்லை.

நாலாம் நாள் கார்டு வந்தது. பெண் ஹோம்லியாக இல்லையாம். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் அவர்களைப் பாண்டி பஜாரில் பார்த்தேன். அவன் அம்மா முன்னால் நடந்தாள், அவன் கைவீசிக்கொண்டு அவள் பின்னால். இரண்டு கையிலும் துணிப்பைகளோடு அவன் மனைவி கடைசியாக வந்தாள். நல்ல அழகி. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்ணை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்துகொண்டான்.