வாக்குத் தந்தவர் ஒப்பந்தம் தரவில்லை

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், தன்னிடம் வேலை செய்யும் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறார்.

துளசி இங்கே லொஜிஸ்டிக், அதாவது சரக்குப் போக்குவரத்து நிர்வாகம், படித்தவள். மாணவியாக அவருடைய இறக்குமதிக் கணக்குகளைப் பகுதிநேரமாகப் பார்த்தாள்.

"படிப்பு முடியட்டும், முழுநேர ஒப்பந்தம் தாறன். நிரந்தர வதிவிடம் கிடைக்குமட்டும் நான் பொறுப்பு" என்று கோயிலில் வைத்துச் சொன்னார். அதை நம்பி, ஒரு ஜெர்மன் நிறுவனம் கொடுத்த வேலையை அவள் மறுத்துவிட்டாள். சாமிக்கு முன்னால் சொன்னவரிடம் எழுத்தில் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாளாம்.

அடுத்த மாதம் அவளுடைய விசா முடிகிறது. ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் வேலை விசா கிடைக்கும்; அது இன்னும் இல்லை.

இன்று கடைக்குப் போய், ஆட்கள் நிற்கும்போதே கேட்டேன்.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை. வேலை விசா கிடைச்சா அவள் வேற இடத்துக்குப் போயிடுவாள்."

"விசா முடிஞ்சா யாழ்ப்பாணத்திலயிருந்தோ உம்மட கணக்குப் பார்க்கப் போறாள்?"

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார்.

"எங்கட விசயத்தை வெளியில கொண்டு போகாதேங்கோ."

"ஓம், முகநூலில மட்டும் போடுறன்."

அவர் இந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். துளசி அதுவரை காத்திராமல் அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கு மறுபடி எழுத வேண்டும். கோயில் நிர்வாகம் திருவிழாவில் அவருக்கு முதற்காளாஞ்சி மரியாதை கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஆள் தேடும் நிறுவனங்களை அறிந்தவர்கள் கீழே எழுத வேண்டும்.

அவருக்காகப் பரிந்து பேச வருகிறவர்களும் தாராளமாக வரலாம். வரும்போது அந்த ஒப்பந்தத்தையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.