எதிராளியை அழைத்து வந்தவர்

வீட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இடையிலான வழக்குகளில் வாதாடுவதுதான் ரொறன்ரோவில் என் தொழில். அதில் நான் மறக்க முடியாத கட்சிக்காரர், யூனியன்வில்லில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் ஏழு வருடமாகத் தனியாக இருந்த பெண். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார்.

மேலே வாழ்ந்த வீட்டுக்காரர் மனைவியை இழந்தவர், எழுபதைத் தாண்டியவர். விட்பியில் இருக்கும் மகள் குடிவரப் போகிறாள், இவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. எல்லோரும் வந்துவிட்டோம், வீட்டுக்காரரைத் தவிர. வழக்குப் போட்டவர் வராவிட்டால் அது தள்ளுபடி. இன்னும் சிறிது நேரம் பார்ப்போம் என்றார் நடுவர். நான் உடனே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பேசாம இருங்கோ. வெண்டிட்டம்."

"அங்கிள் மேலதான் நிக்கிறார். நடக்கிற சத்தம் கேக்குது. அவருக்கு உந்தக் கொம்பியூட்டர் விளங்காது. நான் போய்ப் பாக்கிறன்."

"ஐயோ, போகாதேங்கோ! இருக்கிற இடம் போயிடும்."

"போனாப் போகட்டும். அந்த மனுசன் சொல்ல வந்ததைச் சொல்லாமத் தோக்கக் கூடாது."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறினார். திரையில் படிகள் ஆடின. ஒரு கதவு திறந்தது. குசினி மேசையில், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, கடதாசிகளை அடுக்கி வைத்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணினியில் ஏதோ வேறு பக்கம் திறந்திருந்தது. அவருக்கு முன்னால் தன் கணினியை வைத்துவிட்டு, இவரும் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மகள் எப்போது குடிவருகிறார் என்று நடுவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். முதியவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"குடிவாறன் எண்டு மகள் கையெழுத்து வைச்சுத் தந்தவதான். ஆனா போன கிழமை, வரேல்லை எண்டு சொல்லிப்போட்டா. இடம் ஒழிஞ்சா மனம் மாறுவா எண்டு நினைச்சன்."

மொழிபெயர்ப்பாளர் அதை நடுவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அதை முதியவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் வாதாட எதுவுமே மிச்சமில்லை. வழக்குத் தள்ளுபடியானது.

எல்லோரும் போன பிறகும் அவர்களுடைய திரை அணையாமலே இருந்தது. நான் என் கணினியை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீரே பிள்ளை?"

"ஓம் அங்கிள். நீங்க இருங்கோ, நான் போடுறன்."